கழன்று வராத எஞ்சின் பாகங்கள்: அறிகுறி பார்த்துக் காரணம் அறியும் வழிமுறை

ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ ஒரு வாகனத்தை இழுத்துக்கொண்டு கண்டிக்குப் போக ஆகும் செலவை எண்ணியே பலர் வோட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், வால்வ் கவர் கேஸ்கட் போன்ற வேலைகளைத் தாங்களே செய்யத் துணிகிறார்கள். துணிவது நல்லதுதான், பொறுமையுள்ள எவருக்கும் இந்த வேலைகள் கைவரும். ஆனால் இடறல் பெரும்பாலும் கழற்றும் கட்டத்தில்தான் வருகிறது. புதிய பாகம் பக்கத்தில் தயாராக இருக்கும். பழைய பாகம் வர மறுக்கும். அந்த நேரத்தில் ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இன்னும் பலமாக இழுக்கவே கை துடிக்கும். ஒரு பாகம் வரவில்லையென்றால் அதை ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது: துரு, வெப்பத்தில் இறுகிய மரை, காய்ந்து ஒட்டிய கேஸ்கட் (இரு பாகங்களுக்கிடையே ஒழுகாமலிருக்க வைக்கும் தகடு), கண்ணில் படாத இன்னொரு போல்ட், அல்லது உள்ளே நிற்கும் அழுத்தம். எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் பலம் போட்டால், பிடித்திருப்பது அப்படியே இருக்க வேறொன்றுதான் உடையும். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணத்தை முதலில் சொல்லி, செய்முறையை அதன் பின் சொல்கிறேன்.

கை வைக்குமுன்

மலையகத்தில் சமதரை அரிது. லயத்து முன்முற்றமும் வீட்டு வாசலும் சரிவாகவே இருக்கும். பொனட்டைத் திறந்து மேலிருந்து செய்யும் வேலையைச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துச் சரிவிலும் செய்யலாம். வாகனத்துக்கு அடியில் போக வேண்டிய வேலையைச் சரிவில் செய்யவே கூடாது. கொழுந்து மடுவத்து முற்றமோ வேறொரு சீமெந்துத் தரையோ கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஜெக் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய வாகனத்தைத் தாங்குவது ஸ்டாண்டின் வேலை. மழையில் ஊறிய செம்மண்ணில் ஸ்டாண்டின் கால்கள் மெல்லப் புதையும் என்பதால் அடியில் கனமான பலகை போட வேண்டும். சீமெந்துக் கற்களை அடுக்கி அவற்றின் மேல் வாகனத்தை நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாரம் ஒரு முனையில் விழுந்தால் அந்தக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

பற்றரியின் எதிர்முனை (மைனஸ்) இணைப்பை முதலில் கழற்றுங்கள். எஞ்சின் முழுதாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இந்த எச்சரிக்கை எங்கும் பொருந்தும் என்றாலும் மலையில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ வழக்கமாகவே 90 பாகையை ஒட்டிய வெப்பத்தில் ஓடுகிறது. றம்பொடை ஏற்றத்தை ஏறி வந்து நின்றால் இன்னும் கூடுதலாக இருக்கும். மூடி காக்கும் அழுத்தம்தான் அந்த நீரைக் கொதிக்காமல் வைத்திருக்கிறது. மூடியைத் திறந்த கணத்திலேயே அது கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, அது குளிர்ந்தும் தளர்ந்தும் இருந்தால் மட்டும் மூடியைத் திறவுங்கள்.

வடிக்கும் கூலன்டை ஒரு கேனில் பிடியுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிக் குடித்து இறந்துபோகும். தோட்டங்களில் ஓடைத் தண்ணீரும் பீலித் தண்ணீரும் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுவதால், மேற்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) நாம் கானில் ஊற்றும் கூலன்டும் கழிவு எண்ணெயும் கீழ்க்கணக்கு வீடுகளின் பானைக்கே போய்ச் சேரக்கூடும்.

கழற்றும் பாகத்தின் உருவத்தை ஓர் அட்டைப் பெட்டித் துண்டில் வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். வோட்டர் பம்பிலும் டைமிங் கவரிலும் போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும். நீளமான போல்ட்டை ஆழம் குறைந்த துளையில் இறுக்கினால் அடி முட்டி வார்ப்பு வெடிக்கும்.

அறிகுறி: போல்ட் அசையவே இல்லை

முதலில் தலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சேறும் துருவும் நீக்குங்கள். சொக்கட் அடிவரை இறங்கி உட்கார்ந்தால்தான் பிடி முழுதாக இருக்கும். ஆறு முனைச் சொக்கட்டையே எடுங்கள். பன்னிரண்டு முனைச் சொக்கட் இடுக்கில் எளிதாகப் பொருந்தும், ஆனால் இறுகிய போல்ட்டில் மூலைகளைச் சீவிவிடும்.

அடுத்து, அந்த போல்ட் எவ்வளவு பலத்தைத் தாங்கும் என்று அறிந்துகொள்ளுங்கள். ஜப்பானிய வாகனங்களில் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் தலை கொண்டது எம் 6 போல்ட் (மரைத் தண்டின் விட்டம் 6 மில்லிமீற்றர்), 12 மில்லிமீற்றர் தலை எம் 8, 14 மில்லிமீற்றர் தலை எம் 10. இவற்றைப் பூட்டும் வழக்கமான அளவு முறையே ஏறத்தாழ 10, 25, 50 நியூட்டன் மீற்றர் (திருகும் பலத்தின் அலகு). ஓரடி நீளக் கைப்பிடியின் நுனியை 20 கிலோகிராம் பாரமளவு இழுத்தால் 60 நியூட்டன் மீற்றருக்குக் கிட்டப் போய்விடும். எம் 6 போல்ட் அதில் நாலிலொரு பங்கிலேயே முறியக்கூடும். ஆகையால் 10 மில்லிமீற்றர் தலைக்கு உள்ளங்கை நீளக் கைப்பிடி போதும். அதற்கு வராவிட்டால் நீளத்தைக் கூட்டாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. இரும்பில் இரும்பு போல்ட் என்றால் துரு. அலுமினிய வார்ப்பில் இரும்பு போல்ட் என்றால், ஈரம் புகுந்து இரு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு உண்டாகி, வெண்மையான தூள் மரையை அடைத்திருக்கும். தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் நனையும் வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கத்து வாகனங்களில், குறிப்பாக வெளியில் நிறுத்தியே வைத்திருந்தவற்றில், இந்த இரண்டாவது வகை அதிகம். மூன்றாவது, தொழிற்சாலையில் மரையில் பூசிய பசை. இது ஈரத்துக்கும் துருவுக்கும் தொடர்பில்லாதது, சூட்டுக்கே இளகும்.

துருவுக்கும் அரிப்புக்கும் துரு இளக்கும் எண்ணெயே முதல் மருந்து. டபிள்யூ.டி. 40 ஈரத்தைப் போக்க நல்லது. பல ஆண்டுத் துருவுக்கு அது மட்டும் போதாது, ஆகவே ஹார்ட்வெயார் கடையில் துரு இளக்கும் எண்ணெய் என்றே கேட்டு வாங்குங்கள். மாலையில் ஊற்றி, சுத்தியலால் போல்ட் தலையின் நடுவில் நேராக நாலைந்து முறை தட்டி, மறுநாள் காலை மீண்டும் ஊற்றித் தட்டிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். தட்டும் அதிர்வில்தான் எண்ணெய் இறங்க இடைவெளி பிறக்கும். பிறகு கழற்றும் திசையில் போகாமல், முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்பிப் பாருங்கள். துருவின் பிணைப்பு எந்தத் திசையில் உடைந்தாலும் உடைந்ததுதான். அசைந்துவிட்டால் காற்சுற்றுக் கழற்றி, அரைக்காற்சுற்று உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். ஒரே இழுப்பில் வெளியே எடுக்க முயன்றால் மரையில் திரண்ட துரு முன்னால் குவிந்து மறுபடியும் பூட்டிக்கொள்ளும்.

இங்கே கையின் உணர்வுதான் வழிகாட்டி. நல்லபடியாக விடும் போல்ட் ஒரு சிறு வெடிப்பொலியோ கிறீச்சிடலோ தந்து, அதன் பின் எதிர்ப்புக் குறைந்து வரும். முறியப் போகும் போல்ட் சத்தமே போடாது. கைப்பிடி நகரும், எதிர்ப்பு மட்டும் குறையாது; தடித்த ரப்பரைத் திருகுவது போலிருக்கும், பிடியைத் தளர்த்தினால் கைப்பிடி கொஞ்சம் பின்வாங்கும். அந்த நொடியில் கையை எடுங்கள். தலை மட்டும் முறுக்கிக்கொண்டு கழுத்து நீள்கிறது என்று பொருள். நட்டும் ஸ்டட்டுமாக (ஸ்டட் என்பது தலையில்லாத மரைத் தண்டு) இருக்கும் இடங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நட்டின் மேலும் ஸ்டட்டின் நுனியிலும் வெள்ளை மார்க்கரால் ஒரே நேர்கோடு போட்டுத் திருப்பினால், நட் மட்டும் நகர்கிறதா, ஸ்டட்டும் சேர்ந்து சுழல்கிறதா என்று தெரிந்துவிடும். ஸ்டட்டும் சேர்ந்து முழுதாக வந்தால் வரட்டும், புதியது போட்டுக்கொள்ளலாம். ஸ்டட்டின் நுனி மட்டும் முறுக்கிக்கொண்டு, பிடி தளர்ந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பினால் நிறுத்துங்கள்.

எண்ணெய்க்கு அசையாததைச் சூடு அசைக்கும். நட்டைச் சுற்றியே சூடாக்க வேண்டும், அதனுள் இருக்கும் போல்ட்டை அல்ல. வெளி உலோகம் விரிந்தால்தான் பிடி தளரும். அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால், அலுமினிய வார்ப்பில் இறுகிய போல்ட்டுக்கு வெந்நீர் ஊற்றிய அளவு சூடு கூடச் சில வேளை போதும். தீச்சுடரை அலுமினியத்தின் மேல் காட்டுவது ஆபத்து: அது ஏறத்தாழ 660 பாகையில் உருகும், உருகுமுன் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. பெற்றோல் குழாய், ரப்பர், எண்ணெய் நனைந்த மண் அருகில் இருந்தால் தீச்சுடரை நினைக்கவே வேண்டாம். சூடான சைலன்சர் மெனிபோல்டில் துரு இளக்கும் எண்ணெய் தெளித்தால் அது புகைந்து பற்றிக்கொள்ளும்; கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின்னரே தெளியுங்கள்.

அறிகுறி: ஸ்பேனர் வழுக்குகிறது, தலை உருண்டுவிட்டது

அளவு பிழைத்திருக்கலாம். மலையகத்தில் இன்றும் ஓடும் பழைய மொரிஸ் மைனர் போன்ற பிரித்தானிய வாகனங்களின் போல்ட்டுகள் அங்குல அளவில் உள்ளவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், அதில் 13 மில்லிமீற்றர் ஸ்பேனர் பொருந்தியது போலத் தோன்றி, பலம் போட்டதும் மூலைகளை உருட்டிவிடும். அதே போல ஜப்பானிய வாகனங்களின் கூட்டல் குறித் திருகுகள் வேறொரு தர அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்குரூ டிரைவரின் நுனி அவற்றின் அடிவரை இறங்காமல் மேலேறி வழுக்கும். அடி வாங்கும்போதே திருகும் கை இம்பேக்ட் டிரைவரை வைத்து, அதன் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரே அடி கொடுத்தால் பெரும்பாலும் விடும்.

கொஞ்சம் உருண்ட தலையில், ஓரளவு சிறிய ஆறு முனைச் சொக்கட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கிப் பாருங்கள். அதுவும் சுழன்றால் பூட்டுக் குறடால், அதாவது வைஸ் கிரிப்பால், பக்கவாட்டில் இறுகப் பிடித்துத் திருப்புங்கள். தலை உருண்ட பிறகு மேலும் மேலும் ஸ்பேனரைப் போடுவது மிச்சமிருக்கும் உலோகத்தையும் சீவிவிடும்.

அறிகுறி: போல்ட் முறிந்துவிட்டது

முதலில் பதறாமல், எந்த அளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். பாகத்தை எடுத்த பின் சில மில்லிமீற்றராவது ஸ்டட் வெளியே நீட்டியிருந்தால் நிலைமை நல்லது. மரை மிஞ்சியிருந்தால் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, உள்ளே இருக்கும் நட்டைக் கழற்றும் திசையில் திருப்புங்கள். மரை இல்லையென்றால் வைஸ் கிரிப். அதற்கும் வராவிட்டால், மேலே ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் வைத்துத் தரச் சொல்லுங்கள். வெல்டிங்கின் சூடு மரையைத் தளர்த்தும், நட் பிடிமானமும் தரும். வெல்டிங்குக்கு முன் பற்றரி இணைப்புகள் இரண்டும் கழன்றிருக்க வேண்டும்.

மட்டத்துக்கு முறிந்திருந்தால் சரியான நடுவில் புள்ளி குத்துவதில்தான் வேலையின் வெற்றி இருக்கிறது. முறிந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, குத்தூசியால் நடுப்புள்ளி குத்தி, சிறிய துளையிலிருந்து தொடங்குங்கள். இடஞ்சுழி வெட்டும் துளைக்கருவி கிடைத்தால் அதையே வாங்குங்கள். துளைக்கும்போதே மிச்சத் துண்டு சுழன்று வெளியே வந்துவிடுவதுண்டு. எக்ஸ்ட்ராக்டர் என்னும் கூம்புக் கருவியைக் கடைசியாகவே எடுங்கள். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளைக்கருவி அதை வெட்டாது. ஹட்டனில் லேத் வேலை செய்யும் ஒரு பாஸ் இதைத் தன்னிடம் வருவோரிடமெல்லாம் சொல்வார்: "தம்பி, முறிஞ்ச போல்ட்டோட வாங்க, எடுத்துத் தாறேன். உள்ள எக்ஸ்ட்ராக்டரையும் முறிச்சிட்டு வந்தா அது வேற வேலை, வேற காசு."

அறிகுறி: ஸ்பார்க் பிளக் கொஞ்சம் திரும்பி இறுகிவிடுகிறது

பிளக் உட்காரும் குழியில் மண்ணும் தூசும் நிறைந்திருக்கும். தோட்டத்து மண் பாதையில் ஓடும் வாகனத்தில் சொல்லவே வேண்டாம். கழற்றுமுன் சைக்கிள் பம்பால் ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் அவ்வளவும் சிலிண்டருக்குள் விழும்.

அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் பிளக்கை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் மென்மையான அலுமினிய மரை பிய்ந்து பிளக்கோடு வரும். காற்சுற்று வந்து இறுகினால், வந்த வழியே உள்ளே திருப்பி, குழிக்குள் சில துளி துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு மணித்தியாலம் பொறுத்து மறுபடி முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். அதிலும் கிறீச்சிட்டு இறுகினால் இரவு முழுவதும் ஊற விடுங்கள். வெளியே வந்த பிளக்கின் மரையில் வெள்ளிச் சுருள் ஒட்டியிருந்தால் ஹெட்டின் மரை போய்விட்டது. அதே துளையில் புதிய பிளக்கை இறுக்காமல், மரை உறை போட்டுத் தரும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். பூட்டும்போது, வாஷர் உள்ள 14 மில்லிமீற்றர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் ஏறத்தாழ 25 நியூட்டன் மீற்றர் போதும். முதலில் கையாலேயே முழுதாக ஏற்றி, பிறகு மட்டும் ஸ்பேனர் போடுங்கள்.

அறிகுறி: எல்லா போல்ட்டும் கழன்றன, பாகம் வரவில்லை

"எல்லாம் கழற்றியாயிற்று" என்ற எண்ணத்தையே முதலில் சந்தேகியுங்கள். கைத்தொலைபேசிக் கமராவைப் பின்பக்கத்துக்கு நீட்டிப் படமெடுங்கள். அழுக்கு மூடிய ஒரு தலை, தாங்குத் தகட்டின் பின்னால் ஒளிந்த ஒரு நட், வயரைத் தாங்கும் ஒரு சிறு கிளாம்ப், இவற்றில் ஏதாவது அகப்படும். உறுப்பின் விளிம்பைச் சுற்றிக் கையால் தடவி, போல்ட் துளை இருக்க வேண்டிய சீரான இடைவெளியில் எங்காவது துளை தெரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் ஹெட்டில், பெரிய போல்ட்டுகளைத் தவிர டைமிங் பக்கத்தில் ஒன்றிரண்டு சிறிய போல்ட்டுகள் பல எஞ்சின்களில் இருக்கும்.

போல்ட் எதுவும் மிச்சமில்லை என்று உறுதியானால், பிடித்திருப்பது கேஸ்கட் அல்லது இடம் காட்டும் டவல் பின். வோட்டர் பம்ப் போன்றவற்றை மரச்சுத்தியலால் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறித் தட்டினால் கேஸ்கட் விடும். சில பாகங்களில் எந்த போல்ட்டும் போகாத ஒரு வெற்று மரைத்துளை இருக்கும். அது தள்ளிக் கழற்றுவதற்கென்றே வெட்டப்பட்டது. அதில் பொருந்தும் போல்ட்டைத் திருகி உள்ளே ஏற்றினால் பாகம் தானாக எழும். இரண்டு துளைகள் இருந்தால் இரண்டையும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி ஏற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் டவல் பின் குறுக்கே சிக்கும். கேஸ்கட் உட்காரும் முகத்துக்குள் ஸ்குரூ டிரைவரைக் குத்தி நெம்புவது மட்டும் வேண்டாம். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல், புதிய கேஸ்கட் போட்ட பின்னும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

சிலிண்டர் ஹெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையேற்றத்தில் எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கட் போவது இப்பகுதியில் அடிக்கடி நடப்பது. எஞ்சின் அறை வெப்பத்துக்கு ஆறிய பின்னரே போல்ட்டுகளைத் தொடுங்கள். இரு ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் முதல் சுற்றில் காற்சுற்று, அடுத்த சுற்றில் அரைச்சுற்று என்று இரண்டு மூன்று சுற்றுகளில் தளர்த்துங்கள். ஒரு மூலையை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், மிச்ச போல்ட்டுகளின் இறுக்கம் ஹெட்டை வளைத்துவிடும். வெப்பத்தில் ஏற்கெனவே வளைந்த ஹெட் என்றால் போல்ட்டுகள் ஒரு பக்கம் இழுபட்டு இறுக்கமாக வரக்கூடும். 

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றுமுன் கிராங்கிலும் கேமிலும் உள்ள குறிகளை நேராக்கிப் படமெடுத்து வையுங்கள். பெல்ட் போன பின் இரண்டில் எதையும் தனியாகச் சுழற்றாதீர்கள்; பல எஞ்சின்களில் வால்வ் பிஸ்டனில் முட்டி வளைந்துவிடும்.

போல்ட்டுகள் போன பின்னும் ஹெட் எழாவிட்டால், இன்டேக் பக்கமும் சைலன்சர் பக்கமும் ஏதாவது தாங்கி கீழே பிளாக்கோடு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த காது போன்ற இடங்களில் மரக்கட்டையை வைத்து மேல்நோக்கித் தட்டுங்கள். எழுந்ததும் இருவராகப் பிடித்து நேரே மேலே தூக்குங்கள். ஹெட்டைக் கவிழ்த்து வைக்கும்போது மரக்கட்டைகளின் மேல் வையுங்கள், திறந்திருக்கும் வால்வ் தரையில் பட்டு வளையாமலிருக்கும். முகத்தைச் சுத்தம் செய்து, நேரான எஃகு அளவுகோலைக் குறுக்கும் நெடுக்குமாக, மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். பல சிறிய எஞ்சின்களுக்கு அனுமதிக்கும் எல்லை 0.05 மில்லிமீற்றர். அந்தத் தகடு நுழைந்தால் புதிய கேஸ்கட் மட்டும் போட்டு மூடுவது வீண்; அடுத்த ஏற்றத்திலேயே மறுபடியும் கொதிக்கும்.

அறிகுறி: கிராங்க் புலியின் (பெல்ட் ஓடும் சக்கரத்தின்) நடு போல்ட் எஞ்சினையே சுழற்றுகிறது

இந்த போல்ட் பெரும்பாலும் 100 நியூட்டன் மீற்றருக்கு மேல் இறுக்கப்பட்டது. அது இறுகிப் பிடித்ததாக எண்ண வேண்டாம். எஞ்சின் சுழலாமல் நிறுத்துவதுதான் இங்கே வேலை. புலியைப் பிடிக்கும் கருவி கிடைத்தால் அதுவே சிறந்தது. கைக்கியர் வாகனத்தில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஐந்தாம் கியரில் போட்டு, இன்னொருவர் பிரேக்கை முழுதாக மிதித்திருக்க, நீளமான கைப்பிடியால் நிதானமாக இழுக்கலாம். ஒட்டோ கியரில் இது பலிக்காது. கைப்பிடியைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை அடித்துத் தளர்த்தும் முறையைச் சிலர் சொல்லித் தருவார்கள். கைப்பிடி நழுவினால் அது எங்கே பாயும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஆகவே அதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

போல்ட் வந்தும் புலி வராவிட்டால் வெளி விளிம்பில் இழுக்காதீர்கள், சுத்தியலாலும் அடிக்காதீர்கள். பல புலிகளில் வெளி வளையம் ரப்பரால்தான் உள் வளையத்தோடு ஒட்டப்பட்டிருக்கிறது. நடுப்பகுதியில் உள்ள மரைத்துளைகளில் பூட்டும் புல்லரால் இழுங்கள்.

ஹோஸ், கனெக்டர், எரிபொருள் குழாய், ஒயில் ஃபில்டர்

ரேடியேட்டர் ஹோஸ் வராதது, ரப்பர் கழுத்தில் ஒட்டிக்கொண்டதால். இழுக்காமல் முதலில் சுழற்றுங்கள். புதிய ஹோஸ் கையில் இருந்தால் பழையதைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுவதே மேல். பழைய பிளாஸ்டிக் கழுத்து முறிந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டி வரும். மின் கனெக்டரை முதலில் உள்ளே தள்ளி, பூட்டு நாக்கின் இறுக்கம் தளர்ந்ததும் அதை அமுக்கி, வயரைப் பிடிக்காமல் உடலைப் பிடித்து இழுங்கள்.

பெற்றோல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் குழாய் இணைப்பு வராதது உள்ளே நிற்கும் அழுத்தத்தால். அது ஏறத்தாழ 3 பார் (அழுத்தத்தின் அலகு). பற்றரியைக் கழற்றுமுன்பே எரிபொருள் பம்பின் ஃபியூசைப் பிடுங்கி, எஞ்சினை ஓட விட்டு அது தானாக அணையும்வரை பொறுங்கள். பிறகு துணியைச் சுற்றிக்கொண்டு கழற்றுங்கள். கொமன் ரெயில் டீசல் வான்களில் கதை வேறு: அங்கே அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போகும். ஓடும் எஞ்சினில் அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால் ஊசி போன்ற டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் தெரியும் காயம் சிறிதாக இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்தக் குழாய்களை வீட்டில் தொட வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து.

ஒயில் ஃபில்டர் திரும்பாவிட்டால் பலர் ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே குத்தித் திருப்புகிறார்கள். தகடு கிழிந்து பிடியே இல்லாமல் போகும். உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்தாலோ பெல்ட் ரெஞ்சாலோ திருப்பினால் வந்துவிடும். வந்ததும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதிய ஃபில்டரைப் பூட்டினால் எண்ணெய் முழுவதும் வழியிலேயே கொட்டிவிடும்.

நிறுத்த வேண்டிய இடங்கள்

செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் கண்ணில் பட்டால் அது ஹைபிரிட் வாகனத்தின் உயர் மின்னழுத்தப் பகுதி. முதல் தலைமுறை டொயோட்டா அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி 144 வோல்ட். சாதாரண 12 வோல்ட் பற்றரியைக் கழற்றினால் அந்த ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். அந்த வயர் போகும் எதையும் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். ஏசி குழாய்களும் அப்படியே: வாயுவை இயந்திரத்தால் எடுத்த பின்பே கழற்ற வேண்டியவை, ஆகையால் கம்பிரசர் வழியில் நின்றால் குழாய்களை அதிலிருந்து கழற்றாமல், கம்பிரசரின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, குழாயோடு சேர்த்து ஓரமாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.

முறிந்த போல்ட்டுக்காக லேத் கடைக்குப் போகும்போது, பாகத்தோடு, அதே வரிசையிலிருந்து கழன்ற ஒரு நல்ல போல்ட்டையும் மாதிரிக்கு எடுத்துச் செல்லுங்கள். மரையின் அளவும் நீளமும் அதிலிருந்தே தெரியும். பாகத்தைக் கழற்றிக் கொண்டுபோக முடியாத இடமானால், முறிந்த இடத்தை நேர் எதிரே நின்றும் பக்கவாட்டிலும் படமெடுத்து, அதைச் சுற்றி எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். துளைக்கும் இயந்திரம் அங்கே நுழையுமா, எஞ்சினை இறக்க வேண்டி வருமா என்பதை அவர் அந்த அளவைப் பார்த்தே சொல்லிவிடுவார்.